மெல்சோர் போடாத புகை

பிலிப்பைன்ஸின் லகுனா ஏரிக்கரையில் மெல்சோர் என்றால் புகை போடுபவர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். 1945-இல், ஜப்பானியரின் முகாமில் அடைபட்டிருந்த வெள்ளைக்காரக் கைதிகளை மீட்க அமெரிக்க பாராசூட் படை டிவிஷன் வானிலிருந்து குதித்தபோது, இறங்கவேண்டிய வயலைப் புகை போட்டுக் காட்டியவர் அவர். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது.

கைதிகளை ஏற்றிக்கொண்டு டிவிஷன் அன்றே ஏரியைத் தாண்டிப் போய்விட்டது. கிடந்த பாராசூட் துணியை ஊர்ப் பெண்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள். "திரும்பி வருவோம்" என்று ஒரு சிப்பாய் சொன்னதை நம்பி, மெல்சோரின் தங்கை பெலாகியா அதில் கல்யாண உடுப்பு தைக்க உட்கார்ந்தாள். திரும்பி வந்தது ஜப்பானியர்கள். அந்தத் துணி இருந்த வீடெல்லாம் ஆளோடு எரிந்தது. மெல்சோர் அப்போது மலையில் கெரில்லாக்களோடு இருந்தார்.

டிவிஷனின் வரலாற்றில் அது இழப்பே இல்லாத வெற்றி. ஜீப்னி வண்டி ஓட்டிப் பிழைத்த மெல்சோரை ஆண்டுவிழாவுக்கு மட்டும் கூப்பிடுவார்கள். இளம் வீரர்கள் குதித்துக் காட்டுவார்கள். காற்றின் திசை தெரிய அவர் புகை போடுவார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: வேறு சண்டைகளில் இறந்த டிவிஷன்காரர்களின் பெயர்களோடு பெலாகியா பெயரையும் ஊராரின் பெயர்களையும் வாசிக்க வேண்டும்.

"இந்த வருஷம் நிச்சயம்ணே. நானே பேசிட்டேன்" என்றான் விழாச் செயலாளர் ருஃபினோ.

"போன வருஷமும் இதே வாய்தானடா பேசுச்சு?"

"நாப்பதாவது வருஷம்ணே. சத்தியமா வாசிப்பாங்க."

இஸ்திரி போட்ட சட்டையோடு மெல்சோர் வயல் நடுவே நின்றார். ஒலிபெருக்கியில் டிவிஷன்காரர்களின் பெயர்கள் வந்தன. எக்காளம் ஊதினார்கள். அடுத்து அழகிப் போட்டி ராணி பாடுவாள் என்று அறிவித்தார்கள்.

ருஃபினோ மூச்சிரைக்க ஓடி வந்தான். "புகையப் போடுங்கண்ணே, பிளேன் வந்துருச்சு!"

"என் தங்கச்சி பேரு எங்கடா?"

"விருந்தாளிங்க வந்திருக்கறப்ப எழவு எதுக்குன்னு போன வாரமே எடுத்துட்டாங்கண்ணே."

"போன வாரமே ஒனக்குத் தெரியுமா?"

ருஃபினோ தரையைப் பார்த்தான். "சொல்லியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்களே."

மெல்சோர் புகைக்குப்பியை வாய்க்காலில் போட்டார். அது முழுகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். விமானம் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. புகை இல்லாமல் குதிக்க உத்தரவில்லை. கடைசியில் மணிலா பக்கம் திரும்பிப் போய்விட்டது.

கூட்டம் கூச்சல் போட்டது. இளநீர் விற்கும் நெனித்தாதான் முதலில் அவரை மறித்தாள். "யோவ் கெழவா, ஒரு நாள் பொழப்பையே கெடுத்துட்டியே! ஒன் தங்கச்சி செத்து நாப்பது வருஷமாச்சுய்யா!"

அவளுடைய அத்தையும் அதே நாளில் எரிந்தவள்.

"ஒன் அத்தை பேரைச் சொல்லு, கேப்போம்" என்றார் மெல்சோர்.

நெனித்தா வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை.