காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி

அந்தப் பச்சைச் சர்க்யூட் பலகை என் மேசையில் மூன்று நாளாக உயிரில்லாமல் கிடந்தது. துறைமுகத்து கிரேன் அளவுக்கு மீறித் தூக்கினால் ஹாரன் அடித்து எச்சரிக்கும் கருவி அது. அதற்கான நிரலை எழுதியவர்கள் நானும் பக்கத்து மேசைக் காக்காவும். காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். மஸ்கட்டில் வேலை பார்த்துத் திரும்பியிருந்த அவரை எங்கள் சிறிய அலுவலகமே அப்படித்தான் கூப்பிட்டது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கருவியைப் பொருத்தியாக வேண்டும். முந்தின மாதம் பாரம் தாங்காமல் கிரேன் ஒரு பக்கம் சாய்ந்ததிலிருந்து, அதை ஓட்டும் புன்னைக்காயல் அண்ணாச்சி தினமும் போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தார். பதற்றத்தில், காக்கா எழுதிய பகுதியில்தான் கோளாறு என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். காக்கா தன் பகுதியை வரி வரியாகத் திரும்பச் சோதித்தார். வழக்கம்போல எனக்கும் சேர்த்து டீ வாங்கி வைத்தார். அந்த டீயை நான் தொடாமலே ஆறவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுது திரும்பியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "லிங்கருக்கு என்ன போய்ச் சேருதுன்னு ஒருக்கா பாப்பமா, தங்கச்சி?"

எழுதிய நிரலைக் கம்பைலர் இயந்திர மொழியாக்கும். அந்தத் துண்டுகளை ஒன்றாகக் கோப்பது லிங்கர். பலகையின் நினைவகத்தில் நிரல் எங்கே உட்கார வேண்டும் என்பது லிங்கருக்கான கட்டளை. ஆனால் நாங்கள் அதைக் கம்பைலரிடம்தான் கொடுக்க முடியும். இது லிங்கருக்கு என்று காட்டும் முன்னொட்டைப் போட்டு, காற்புள்ளி வைத்து, ஒட்டி எழுதினால் அது அடுத்த கட்டத்துக்குக் கைமாற்றிவிடும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் போகும் வரிகளைத் திரையில் ஓடவிட்டோம். லிங்கருக்குப் போன வரியில் எங்கள் கட்டளையே இல்லை. காற்புள்ளிக்குப் பின் நான் ஓர் இடம் விட்டிருந்தேன். அதனால் முன்னொட்டு தனியாக, கட்டளை தனியாகப் பிரிந்துவிட்டது. கம்பைலர் நாங்கள் கவனிக்காத ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டுக் கட்டளையை அங்கேயே விட்டுவிட்டது. நாசரேத்தில் ஆங்கில ஆசிரியையான என் அம்மா, காற்புள்ளிக்குப் பின் இடம் விடாவிட்டால் மதிப்பெண் குறைப்பார். விரல் தானாக விட்ட இடம் அது. அதை அழித்து ஒட்டி எழுதியதும் நிரல் சரியான இடத்தில் உட்கார்ந்து, பலகை உயிர் பெற்றது.

யார் பக்கம் தப்பு என்று மேலாளர் கேட்டார்.

"ஆரு பக்கமும் இல்ல சார். சொன்னது போய்ச் சேரல, அவ்வளவுதான்" என்றார் காக்கா.

எனக்கு முகம் சுட்டது. தப்பு என்னுடையது, காக்காமேல் வீணாகப் பழி போட்டேன் என்று எல்லோர் முன்பும் சொன்னேன். அவர் என் பக்கம் குனிந்து, "உங்கம்மா அந்த இடைவெளிக்கு முழு மார்க்கும் போட்டிருப்பாங்க" என்றார். மூன்று நாளில் அப்போதுதான் சிரித்தேன்.

நான்கு மணிக்குத் துறைமுகத்தில் கருவியைப் பொருத்தினோம். அண்ணாச்சி வேண்டுமென்றே கூடுதல் பாரத்தைக் கொக்கியில் மாட்டி, மெல்ல இழுத்தார். கயிறு விறைத்ததும் ஹாரன் அலறியது. காக்கைக் கூட்டம் கலைந்து பறந்தது. மேலே கேபினிலிருந்து அண்ணாச்சி போனில், "நல்லா கேக்கு தாயி, நிப்பாட்டலாம்" என்றார்.

காக்கா இப்போது மறுபடி மஸ்கட்டில். அன்று ஹாரனை உடனே நிறுத்த எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.