பானைக்குள் இருந்த தேரை

பாறசாலைக்கு அருகே ஒரு கிராமத்தில், நிலவரி வாங்கும் பகுதிக் கச்சேரியில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, என் ஒன்றரை வயது மகள் மெலியத் தொடங்கினாள். விலா எலும்பை எண்ணிவிடலாம். தேரைநோய் என்றார் வைத்தியர். அவளை வயிற்றில் சுமந்திருந்தபோது என் மனைவியின் மேல் தேரை குதித்திருக்குமாம். ஒரு தேரையைப் பிடித்துப் பானையால் மூடிவைக்க வேண்டும். ஏழு நாளில் அது வற்ற வற்றப் பிள்ளை தேறும். அதுவரை பிள்ளைக்குப் பால் கூடாது, கொடுத்தால் தேரைக்குத்தான் போய்ச் சேரும், கஞ்சித்தண்ணீர் போதும் என்றார். எங்கள் ஊரில் இதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. நாலெழுத்து படித்த நானும் தலையாட்டி, ஒரு தேரையைப் பிடித்து முற்றத்தில் பானையால் மூடிவைத்தேன். தொழுவத்தில் பசு கறந்துகொண்டுதான் இருந்தது.

நான்காம் நாள் காலை, நெல் பத்தாயத்தடியில் ஒரு மூஞ்சூறு அகப்பட்டது. சாயங்காலம் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்று அதையும் ஒரு பானையால் மூடிவிட்டுக் கச்சேரிக்குப் போனேன். திரும்பி வந்து தூக்கினால் செத்துக் கிடந்தது.

தேரைப் பானையையும் லேசாகத் தூக்கிப் பார்த்தேன். நான்கு நாள் பட்டினி. கண் சிமிட்டியபடி உட்கார்ந்திருந்தது, வயிறுகூட ஒட்டவில்லை. தேரை சும்மா இருந்தே காலம் தள்ளும் சீவன். மூஞ்சூறு அப்படியில்லை, சுவரோரமாக எந்நேரமும் தின்றுகொண்டே ஓடும். மகளின் மார்பில் கை வைத்தேன். சுட்டது, படபடவென்று அடித்தது. காலையில் பிடித்தபோது மூஞ்சூறும் கைக்குள் இப்படித்தான் சுட்டது, துடித்தது.

"பிள்ளைக்கு பாலு குடு. மூஞ்சூறு ஒரு பகலு தாங்கல்ல, பாத்தியா?" என்றேன் மனைவியிடம்.

"பிள்ளையாருக்க வாகனத்தக் கொன்னுட்டு வந்து பேசுதிய. வைத்தியரு ஏழு நாளுண்ணுல்லா சொன்னாரு? இனி மூணு நாளுதான் உண்டு. கெடுத்துப்போடாதிய," என்று அழுதாள்.

அவள் அழுததால் விட்டுவிட்டேன் என்று இத்தனை வருஷமும் சொல்லிவந்திருக்கிறேன். பொய். பால் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் பழி என் தலையில் விழும் என்று பயந்தேன். தொழுவம் பத்தடி தூரத்தில் இருந்தது.

ஆறாம் நாள் மத்தியானம் மகள் போய்விட்டாள்.

புதைத்துவிட்டு வந்து குளித்த பிறகுதான் பானை ஞாபகம் வந்தது. தூக்கினேன். தேரை சற்று நேரம் அங்கேயே இருந்தது. பிறகு எழும்பி, வாழைத் தூரடிக்குத் தாவிப் போய்விட்டது.