ஜன்னலில் கவிழ்த்த கிளாஸ்

அடி தடித்த, பச்சை நிறப் பியர்க் கிளாஸ் அது. கொழும்பில், வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த பாரின் ஜன்னலில் சில மாலைகளில் கவிழ்ந்திருக்கும், சில மாலைகளில் இராது. காயவைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ரயில் தொழிலாளருக்காக எப்போதோ தொடங்கிய பார். மரியாதையான இடம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். கடலுப்பு தின்ற கதவு, கம்பியால் கட்டிய கதிரைக் கால்கள், சனிக்கிழமையென்றால் நிச்சயம் ஒரு கைகலப்பு. யுத்தம் வந்தபின் அதுவும் அடங்கிப்போயிற்று. தமிழர்கள் நாங்கள் வாய் திறக்காமல் குடித்துவிட்டு எழும்பினோம். என் வீடு அடுத்த ஒழுங்கையில். ரயிலேறும் தேவை எனக்கு இருந்ததில்லை. அதனால்தான் அந்தக் கிளாஸின் விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அன்று பார் நிறைந்திருந்தது. போத்தலை மட்டும் வைத்துவிட்டுப் போன மலையகத்து வெயிட்டரை, கிளாஸுக்காக மூன்று தரம் கூப்பிட்டும் அவர் வரவில்லை. ஆத்திரத்தில் ஜன்னலில் இருந்த கிளாஸை நானே எடுத்து ஊற்றிக்கொண்டேன். கோட்டையிலிருந்து வரும் ஆறு மணி ரயில் வந்து நின்று, போய்விட்டது. பிறகுதான் வெயிட்டர் வெறும் ஜன்னலைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். குனிந்து என் காதருகே சொன்னார்:

“ஐயா, ஸ்டேஷன் கேட்ல ஆமி செக் பண்ணுதுங்க. கோச்சியில வர்ற நம்ம ஆளுங்களுக்காக வச்சதுங்க. அதக் கண்டா எறங்காம அடுத்த ஸ்டேஷன் தெகிவளைக்குப் போயிருவாங்க.”

அன்று இறங்கியவர்களில் ஒருவர், தினமும் என் மேசையில் வந்து அமரும் புறக்கோட்டை இரும்புக்கடை மானேஜர். லொட்ஜ் மாறியிருந்தார், தமிழர்கள் கட்டாயம் செய்யவேண்டிய பொலிஸ் பதிவில் பழைய முகவரி. ஆமி பிடித்துக்கொண்டுபோக அது போதுமாயிருந்தது.

ஏழு மாதத்துக்குப் பிறகு அவரை வெளியே விட்டார்கள். பாருக்கு வந்தார், ஆனால் உட்காரவில்லை. இடது கை மேலே எழவில்லை.

“ஏன் தம்பி, அண்டைக்குக் கிளாஸ் வைக்கேல்லை?” என்று வெயிட்டரிடம் கேட்டார்.

வெயிட்டர் என் பக்கம் திரும்பவேயில்லை. “மறந்துட்டேங்கய்யா.”

மானேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் எடுத்தேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன?

இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. போன கிழமை காலி வீதி பஸ்ஸில் மானேஜரைக் கண்டேன். வெயிட்டர் இறந்த செய்தியைச் சொன்னேன்.

“எத்தினை பேரை அந்தக் கிளாஸ் வைச்சுக் காப்பாத்தினவன். பாவம், ஒருநாள்தானே மறந்தவன்” என்றார்.

அப்போதும் நான் தலையாட்டி, ஓம் என்றேன்.