மூன்று மணி ரயில்

போர்மேன் அண்ணாச்சி என் மேஜைமேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. கையெழுத்துப் போட வந்தால்கூட இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நான் பதிவேட்டைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டிய பிறகுதான் வலது கை மட்டும் முன்னால் வரும். உள்ளங்கை ரேகைகளில் அலுமினியப் பவுடர் போய்த் தங்கியிருக்கும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பேனாவைத் திருப்பித் தரும்போது அதைத் தன் சட்டையில் ஒருமுறை துடைத்துவிட்டுத் தருவார். முப்பது வருடம் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். பட்டாசுக்குள் போகும் ரசாயனத்தை எங்கள் பக்கத்தில் மருந்து என்றுதான் சொல்லுவோம். அவருடைய கையை அவரே ‘மருந்துக் கை’ என்பார், அது யாரோ ஒருவரிடமிருந்து இரவல் வாங்கி வைத்திருக்கும் பொருள் மாதிரி.

சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கம்பெனியின் ஆபீசில் நான் பதினோரு வருடமாக இருக்கிறேன். கடிதம் அடிப்பது, லைசென்ஸ் காகிதங்களைச் சரிபார்ப்பது, வெளியூர் போகிறவர்களுக்கு டிக்கெட் போடுவது என் வேலை. முதலாளி சென்னைக்குப் போனால் விமானம். மற்றவர்கள் போனால் ரயில். அப்படி யாரும் விதி எழுதி வைக்கவில்லை, நடந்துகொண்டிருந்தது. எனக்கே அந்த நாட்களில் விமானத்தின்மேல் பெரிய மரியாதை கிடையாது. இங்கிருந்து மதுரை விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம், அங்கே முன்கூட்டிப் போய்க் காத்திருப்பது ஒன்றரை மணி நேரம், பறப்பது ஒன்றேகால் மணி நேரம், இறங்கிச் சென்னை நெரிசலில் ஊருக்குள் போவது இன்னொரு மணி நேரம். அதற்கு விருதுநகரில் ஏறி உட்கார்ந்தால் போதாதா என்று முதலாளியிடமே சொல்லியிருக்கிறேன். சாதாரண நாளில் அந்த வாதம் சரியாகத்தான் இருந்தது.

முதலாளி ஒருமுறை விமானத்தில் போய்விட்டு வந்து ஒரு விஷயம் சொன்னார். விமான நிலையத்தில் ஒரு துண்டுக் காகிதத்தால் அவருடைய கையைத் துடைத்து, வெடிமருந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் ஒரு மெஷினுக்குள் வைத்தார்களாம். மெஷின் கத்திவிட்டதாம். எல்லாரும் திரும்பிப் பார்க்க, தனியே கூட்டிப் போய் எங்கே வேலை என்று கேட்டிருக்கிறார்கள். பட்டாசுக் கம்பெனி என்று சொல்லி அட்டையைக் காட்டியிருக்கிறார். இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இவ்வளவுதான் நடந்தது. மறுநாள் டீ நேரத்தில் நான் இதைப் பேக்கிங் பகுதிப் பெண்களிடமும் போர்மேன் அண்ணாச்சியிடமும் சொன்னேன். மெஷின் கத்தியதைச் சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்ததைச் சொன்னேன். தனியே கூட்டிப் போனதைச் சொன்னேன். அனுப்பிவிட்டதைச் சொல்லவில்லை. வேண்டுமென்று மறைத்ததில்லை. அந்த இடத்தில் பெண்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள், கதை அங்கேயே முடிந்துவிட்டது. “முதலாளிக்கே அப்படின்னா நம்ம அண்ணாச்சி போனா ஏர்போர்ட்டே கத்தும்” என்று நான்தான் முடித்து வைத்தேன். அண்ணாச்சியும் சிரித்தார். கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

அவருக்கு ஒரே மகள். அவர்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள். சென்னையில் வேலை கிடைத்து, அங்கேயே கூட வேலை பார்த்தவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பட்டாசு வாசனையே படாத இடத்தில் மகள் இருக்கிறாள் என்பதை அவர் ஊர்க்காரர்களிடம் சொல்லும் விதத்தில் ஒரு சின்ன அழுத்தம் இருக்கும். தீபாவளி சீசனுக்கு முந்திய மாதம் அவளுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, லீவு சொல்லிவிட்டு முதல் நாளே ரயிலேறிப் போய்விட்டார். ஆர்டர் நெருக்கடி, அண்ணாச்சியால் நகர முடியவில்லை. நான்காம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு ஆபீஸ் போனுக்கு மருமகன் கூப்பிட்டான். மருந்து அறைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. நான் ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டேன். அவர் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். “சரி மாப்பிள்ளை, சரி மாப்பிள்ளை” என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. வைத்துவிட்டு என்னிடம், “ஐசியுல வச்சிருக்காகளாம். ஒடனே பொறப்பட்டு வரச் சொல்றாக” என்றார்.

முதலாளி உடனே சொல்லிவிட்டார், விமானத்தில் அனுப்புங்கள், கார் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. மதுரையிலிருந்து ஒன்றரை மணிக்கு ஒரு விமானம் இருந்தது. இடமும் இருந்தது. நாலு மணிக்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்துவிடலாம். மதுரையிலிருந்தே மூன்று மணிக்கு ஒரு ரயிலும் இருந்தது. அது சென்னை போய்ச் சேர ஒன்பது மணிக்கு மேல் ஆகும். நான் விமானத்தில் அவர் பெயரை அடித்துவிட்டு, வயதைக் கேட்க நிமிர்ந்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

“ப்ளேன் வேண்டாம் தாயி. ரயில்லயே போட்ருங்க.”

“ரயில் ரொம்ப லேட்டாகும் அண்ணாச்சி.”

“அங்கன மெஷின் கத்திருச்சுன்னா? பிடிச்சு உக்கார வச்சு விசாரிச்சாகன்னா? ப்ளேனும் போயிரும், ரயிலும் போயிரும். அங்கிட்டும் போகாம இங்கிட்டும் போகாம நான் நடுவுல நிப்பேன்.” பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “கத்துமா, கத்தாதா? நீங்க சொல்லுங்க தாயி.”

இப்போது யோசித்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. முதலாளியை விட்டுவிட்டார்கள் அண்ணாச்சி, இரண்டே கேள்விதான் கேட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அதே நொடியில் இன்னொன்றும் தோன்றியது. முதலாளியை விட்டவர்கள் இவரையும் விடுவார்கள் என்று நான் எப்படிச் சொல்வது? நான் சொல்லி அவர் போய், அங்கே உட்காரவைத்துவிட்டால், அது என் தலையில் விழும். “தெரியல அண்ணாச்சி” என்றேன். அவர் தலையை ஆட்டினார். நான் அடித்த பெயரை அழித்துவிட்டு ரயிலில் அடித்தேன்.

அவர் ரயிலில் இருக்கும்போதே ஆறரை மணிக்கு அந்தப் பெண் இறந்துபோனாள். மதியம் இரண்டு தடவை, அப்பா வந்துவிட்டாரா என்று கேட்டாளாம். இதை மதினி துக்க வீட்டில் வருகிறவர்கள் எல்லாரிடமும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் அழுதார்கள், நான் பந்தலின் கம்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன், சாப்பிட்டேன், மறுநாள் வேலைக்கு வந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அண்ணாச்சியும் வேலைக்கு வந்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார், பேனாவைத் துடைத்துத் தந்தார். அந்தச் சீசனில் ஒரு லோடுகூடத் தாமதமாகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வருடம் அப்படிப் போனது. வருத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. பல் பிடுங்கப் போட்ட ஊசியில் மரத்துப்போன கன்னம் மாதிரி இருந்தது. நம்முடையதுதான், தொட்டால் தெரியாது.

பிறகு ஒருமுறை, போர்மேன்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி என்று சென்னையில் ஒருநாள் கூட்டம் வைத்தார்கள். காகிதங்களை ஒப்படைக்க நானும் போக வேண்டியிருந்தது. டிக்கெட் போட உட்கார்ந்தபோது அவரே வந்து, “ப்ளேன்லயே போடுங்க தாயி” என்றார். இரண்டு பேருக்கும் விமானத்திலேயே போட்டேன்.

முதல் நாள் சாயந்திரம் வரை அவர் மருந்து அறையில்தான் இருந்தார். காலையில் காரில் ஏறும்போது கவனித்தேன், கையைத் தேய்த்துக் கழுவியிருக்கவில்லை. நகக்கண்ணெல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது. வழி முழுக்க மடியில் கைகளை மல்லாத்தி வைத்தபடி வந்தார். விமான நிலையத்தில் சோதனைக்குப் பெண்களுக்குத் தனி வரிசை. நான் சீக்கிரம் வெளியே வந்து அவருக்காகக் காத்திருந்தேன். அவர் அந்தச் சின்ன மேடைமேல் ஏறிக் கைகளை விரித்து நின்றார். காவலர் கருவியால் உடம்பைத் தடவிவிட்டுப் போகலாம் என்று கையசைத்தார். அவ்வளவுதான். யாரும் அவருடைய கையைப் பார்க்கவே இல்லை. அண்ணாச்சி இறங்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் அந்தக் காவலர் முன்னால் நீட்டினார்.

“சார், கையப் பாக்கலையா?”

காவலருக்குத் தமிழ் புரியவில்லை. பின்னால் வரிசை நின்றுவிட்டது. தமிழ் தெரிந்த ஒருவர் வந்து, என்ன விஷயம் என்று கேட்டார். “நான் பட்டாசுக் கம்பெனி சார். மருந்துக் கை. மெஷின்ல வச்சுப் பாருங்க” என்றார் அண்ணாச்சி. அந்த மனிதர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து அவருடைய இரண்டு கைகளையும் துடைத்தார். அதை மெஷினுக்குள் செருகினார். நான் நின்ற இடத்திலிருந்து மெஷின் தெரியவில்லை, அண்ணாச்சியின் முகம்தான் தெரிந்தது. எதுவும் கத்தவில்லை. “ஒண்ணுமில்ல ஐயா, போங்க” என்றார் அவர். அண்ணாச்சி கைகளை நீட்டியபடியே நின்றார். நான்தான் போய், “போலாமாம் அண்ணாச்சி” என்று முழங்கையைத் தொட்டுக் கூட்டிவந்தேன்.

விமானத்தில் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். சென்னையில் இறங்கி வெளியே வந்ததும் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். “திரும்பறதுக்கு ரயில்ல மாத்திருங்க” என்றார். கூட்டம் முடிந்து மறுநாள் காலை ரயிலில் திரும்பினோம். விழுப்புரம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில், வெயிலில் காய்ந்த ஒரு கரும்புக் காடு வந்தபோது, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இங்கனக்குள்ளதான் போன் வந்துச்சு.”

அப்போதுதான் நான் சொன்னேன். முதலாளியை விட்டுவிட்டார்கள் என்பதை, அதை நான் டீ நேரத்திலும் சொல்லவில்லை, அன்று காலையிலும் சொல்லவில்லை என்பதை. எதிர் சீட்டுக்காரருக்குக் கேட்காத குரலில், ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டுவது மாதிரி சொல்லி முடித்தேன்.

“தெரியும் தாயி. காரியத்துக்கு வந்தப்பவே முதலாளி சொல்லிட்டாரு.”

இரண்டு வருடம் தினமும் என்னிடம் பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் அவர். அவரே தொடர்ந்தார்.

“மாப்பிள்ளை போன்ல பேசுனப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, பிள்ள நிக்க மாட்டான்னு. ப்ளேன்ல போனா நாலு மணிக்கு அதைக் கண்ணால பாக்கணும். ரயில்னா ஒம்போது மணி வரைக்கும் பாக்க வேண்டாம். அதுக்கு ஒரு சாக்கு தேடுனேன். நீங்க சொன்ன கதை கையில இருந்துச்சு.” பிறகு, “அவ என்னயக் கேட்டான்னு பெறகுதான் தெரியும்” என்றார்.

அவர் சொன்னது உண்மையா, என் பாரத்தை இறக்குவதற்காகச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உண்மையென்றால் விமான நிலையத்தில் ஏன் அப்படிக் கையை நீட்டினார்? இரண்டும் சேர்ந்தேகூட உண்மையாக இருக்கலாம். ஒரு மனிதனுக்குள் ஒரு காலை நேரத்தில் என்னென்ன ஓடும் என்பதற்கு யார் சாட்சி?

அடுத்த சீசன் முடிந்ததும் அவர் வேலையை விட்டு ஆனைக்குட்டம் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். இப்போது பதிவேட்டில் விரல்தடம் எதுவும் விழுவதில்லை, புது போர்மேன் கையுறை போடுகிறார். போன மாதம் ஒருநாள் மத்தியானம் அண்ணாச்சி போன் செய்தார். மருமகனுக்கு மறு கல்யாணம். இவர்கள் வந்து நின்றால்தான் ஆயிற்று என்று அவன் நேரில் வந்து கூப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு பேருக்கும் டிக்கெட் வேண்டும். ரயிலா, ப்ளேனா என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லுமுன் போனை மதினி வாங்கிவிட்டார்.

“நல்லாருக்கீகளா தாயி? ப்ளேனே போடுங்க. அன்னைக்கும் நான் ப்ளேன்லதான் வரச் சொன்னேன் இவுகள. அங்கன என்னமோ மெஷின் கத்தும்னுட்டாக.” பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “என் கையும் தீப்பெட்டி மருந்துல கெடந்த கைதான். எனக்கும் கத்துமா?”

அண்ணாச்சி மதினியிடம் எதையும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மெஷின் கத்தாததையும், ரயிலில் என்னிடம் சொன்னதையும். போனுக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். தெரியவில்லை என்று இன்னொரு முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“சில பேருக்குக் கத்தும் மதினி. கத்துனாலும் ரெண்டு கேள்வி கேட்டுட்டு விட்ருவாங்க.”

அந்தப் பக்கம் எங்கோ ஒரு சேவல் கூவியது கேட்டது.

“அம்புட்டுத்தானா?” என்றார் மதினி.

“அம்புட்டுத்தான்” என்றேன். இரண்டு பேருடைய வயதையும் கேட்டுக்கொண்டு டிக்கெட் போட்டேன்.