எஸ்பெராந்தோ அகராதிக்கு ஒரு டெண்டர்

"ஆனி, இரண்டாம் ஞாயிறு, காலை. அகராதி முடிவாயிற்று. மூவரும் ஒப்புதல். இனி வேறு பார்க்க வேண்டாம்."

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. இப்போது ஐப்பசி. அந்தக் கடைசி வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

எனக்குத் தெரிந்து நெய்வேலியில் எஸ்பெராந்தோ படிப்பவர்கள் மூன்று பேர். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒருவர் உட்கார்ந்து உருவாக்கிய மொழி அது. நான் சுரங்கத்தின் வரைபடப் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டாமவர் எங்கள் பிளாக்கிலேயே சற்றுத் தள்ளிக் குடியிருக்கும் கோயம்புத்தூர்க்காரர், சுரங்கத்துக்குச் சாமான் வாங்கும் ஸ்டோர்ஸில் இருக்கிறார். மூன்றாமவர் மந்தாரக்குப்பத்தில் தையற்கடை வைத்திருக்கும் பெண். என் மனைவியின் ஜாக்கெட்டைக் கொடுக்க வந்தவர், நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்ததைக் கேட்டு, இது என்ன பாஷை என்று விசாரித்தார். இங்கிலீஷ் தெரியாமலே படிக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. முடியும் என்றேன். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் மட்டும் தவறி, திரும்ப எழுதியும் தவறி, அதோடு படிப்பை விட்டவர் அவர். நானும் ஸ்டோர்ஸ் நண்பரும் ஞாயிறுதோறும் என் வீட்டில் சேர்ந்து படிப்போம்; அடுத்த ஞாயிறே அவரும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

வைகாசியில், தையற்காரருக்குக் கடிதத் தோழமை வேண்டும் என்று இணையத்தில் நான் போட்டிருந்த குறிப்பைப் பார்த்து பிரேசிலிலிருந்து ஒரு பெண் எழுதினார். அவருக்கும் தையல்தான் தொழில். ஒன்றரைப் பக்கம், முழுக்க எஸ்பெராந்தோ. நான் படித்துச் சொல்கிறேன் என்றதற்கு நம் தையற்காரர் சம்மதிக்கவில்லை. தானே படித்து, தானே பதில் எழுத வேண்டும் என்றார். அதற்குக் கைப்பேசியில் தமிழ் உள்ள ஓர் அகராதி வேண்டும். அச்சில் தேடிப் பார்த்தோம். எங்கள் கைக்கு எதுவும் அகப்படவில்லை. பல மொழிகளுக்கு ஒன்றாகச் செய்த மின்னகராதிகள் ஐந்து கிடைத்தன.

"அஞ்சு இருக்குதுங்க. கண்ணை மூடிட்டு ஒன்னை எடுத்துப்போட முடியுங்களா? முறையாப் பண்ணீருவோம்" என்றார் ஸ்டோர்ஸ் நண்பர்.

ஆனி முதல் ஞாயிறன்று ஒப்பீட்டுப் பட்டியலோடு வந்தார். எங்கள் ஊரில் இது யாருக்கும் விசித்திரமாகப் படாது. ஆயுதபூஜைக்குப் பொரி வாங்கக்கூட மூன்று கடையில் கொட்டேஷன் கேட்கும் ஆட்கள் நாங்கள். சொற்களின் அளவு, நெட் இல்லாமல் இயங்குமா, எத்தனை மொழி, தமிழ் உண்டா, விலை என்று கட்டங்கள் போட்டிருந்தார். தகுதி பார்த்து முடித்தபின், தேறியவற்றில் எது விலை குறைவோ அது எல்-ஒன், ஆர்டர் அதற்கே. சிக்கல் என்னவென்றால் ஐந்துமே இலவசம். ஐந்துமே எல்-ஒன்.

காப்பி கொண்டுவந்த என் மனைவி பட்டியலை எட்டிப் பார்த்தாள். "மூணு பேரு, ஒரு பாஷை, அதுக்கு ஒரு டெண்டர். ஆடிட் எப்ப வருது?"

நண்பர் சிரித்தார், ஆனால் பட்டியலை மடிக்கவில்லை. மறு ஞாயிறு, மொழிகள் அதிகம் உள்ளதற்கே முன்னுரிமை என்று தீர்மானித்தோம். வென்ற அகராதியின் முகப்பில் மொழிப் பெயர்கள் வரிசையாக நின்றன. தமிழும் நின்றது. நண்பர் டிக் போட்டார். தமிழ் இருக்கிறதே என்று தையற்காரரும் சரி சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். கன்வேயர் உருளை வந்து இறங்கினால் பெட்டியைப் பிரித்து, அளந்து பார்க்காமல் ஏற்றுக்கொள்ளாதவர் நண்பர். நான் ஒரு வரைபடத்தை அசலோடு ஒப்பிடாமல் வெளியே விடாதவன். இரண்டு பேரும் அன்று உள்ளே ஒரு சொல்லைக்கூடத் தேடிப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தையற்காரர் வந்து கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

"வாரம் பூரா தச்சிக்கினே தேடிப் பாத்தேங்க சார். ஜப்பான்காரனுக்கு இருக்குது, ருஷ்யாக்காரனுக்கு இருக்குது. தமிழுக்கு நேரா ஒன்னுமே இல்ல."

நான் வாங்கி 'ஃபதேனோ' என்று தேடினேன். நூலுக்கு எஸ்பெராந்தோவில் அதுதான் பெயர். எந்தெந்த நாட்டு எழுத்திலோ நூல் இருந்தது. தமிழ் இடம் காலி. ஊசி, காலி. பொத்தான், காலி. நீர், வீடு, நாய் மாதிரியான சில சொற்களுக்கு மட்டும் தமிழ் போட்டிருந்தார்கள்.

நண்பர் சமாதானம் சொன்னார். "அம்மணி, அதுல வர்ற இங்கிலீஷ் வார்த்தையை எடுத்து இன்னொரு அகராதில போட்டா தமிழ் வந்துருமுங்க. ரெண்டு தரம் தட்டோணும், அவ்வளவுதான்."

"இங்கிலீசு வாணாம்னுதாங்க இதுக்கே வந்தேன். சுத்திச் சுத்தி அதே வூட்டு வாசல்லயே கொண்டாந்து வுடுறீங்க."

குரலை உயர்த்தவில்லை. கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதன்பின் ஞாயிறுகளில் வரவில்லை.

கழித்துவிட்ட நான்கையும் மறுபடி எடுத்துப் பார்த்தோம். இரண்டில் முகப்பில் மட்டும்தான் தமிழ், உள்ளே இங்கிலீஷும் ஐரோப்பிய மொழிகளும். ஒன்று நெட் இல்லாமல் திறக்கவே இல்லை. இன்னொன்றில் தமிழ் ஏராளம். ஆனால் இங்கிலீஷிலிருந்து எந்திரம் மாற்றிப் போட்ட தமிழ். அதை நம்பிக் கடிதம் எழுதினால் பிரேசிலில் என்ன நினைப்பார்களோ. கடிதத்தில் உள்ள சொற்களுக்கு மட்டும் தமிழ் எழுதித் தரட்டுமா என்று மனைவி மூலம் கேட்டனுப்பினேன். அது சார் படித்துச் சொல்வதுதானே என்று பதில் வந்தது.

யாரைத் திட்டுவது? அகராதியைச் செய்தவர்கள் சம்பளமில்லாமல் செய்தவர்கள். தமிழ் ஏன் காலியாக இருக்கிறது என்று எழுதிக் கேட்டேன். யார் வேண்டுமானாலும் நிரப்பலாம் என்று மரியாதையாகப் பதில் அனுப்பினார்கள். ஆடி முழுக்க நானும் நண்பரும் உட்கார்ந்து தையற்சொற்களுக்குத் தமிழ் எழுதி அனுப்பினோம். காஜா எடுப்பதற்கு ஒரு வார்த்தை தேடி ஒரு ஞாயிறு போயிற்று. எல்லாம் சரிபார்ப்பு வரிசையில் நிற்பதாகத் தகவல் வந்தது. தமிழைச் சரிபார்க்க அவர்களிடம் ஆள் இல்லை. நாங்களே பார்க்கிறோம் என்றால், எழுதியவரே சரிபார்க்கக் கூடாதாம். நியாயமான விதிதான். அதனாலேயே இன்னும் கடுப்பாக இருந்தது.

புரட்டாசியில் பிரேசில் பெண் மறுபடி எழுதினார். முதல் கடிதம் வந்து சேர்ந்ததா என்று மட்டும் கேட்டிருந்தார். அதைத் தையற்காரருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று கைப்பேசி காட்டியது. பதில் இல்லை. நான் எழுதியிருக்கலாம், ஆனால் அந்தக் கடிதம் எனக்கு வந்ததல்ல.

போன வாரம் நண்பர் ஷிப்ட் முடிந்து நேரே வந்தார். அகராதிக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதாம், தையற்சொற்களுக்கெல்லாம் தமிழ் தெரிகிறதாம். அவர் அலுவலகத்தில் யாரோ தன் கைப்பேசியில் பார்த்ததாகச் சொன்னாராம்.

"கடையில போய்ச் சொல்லிப்போடுவோமுங்க. சந்தோசப்படும்."

"நீங்க பாத்தீங்களா?" என்றேன்.

இல்லை என்றார். என் கைப்பேசியில் பழைய பதிப்புதான் இருக்கிறது. புதியது பாதி இறங்கி நின்றுவிடுகிறது. அவருடையதிலும் அப்படியே. அந்த அலுவலகக்காரர் விடுப்பில் ஊருக்குப் போயிருக்கிறார். மந்தாரக்குப்பத்துக்கு நாங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை. புதிய பதிப்பில் தையற்சொற்களுக்குத் தமிழ் உண்டு என்ற செய்தி, இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.