மூன்று மார்க் கேள்வி

உயிரியலை எப்படிப் படிக்க வேண்டும் என்று இன்றைக்குப் போனைத் திறந்தால் ஆளாளுக்குச் சொல்லித் தருகிறார்கள். படம் போட்டுப் படி, கலர் பேனாவில் கோடு போட்டுப் படி, தெரியாதவருக்கு விளக்கிச் சொல்லிப் படி என்கிறார்கள். நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். புத்தகத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் தப்பினால் மறுபடி முதலிலிருந்து.

எங்கள் வீட்டில் புத்தகம் பிடிக்கும் வேலை நைனாவுடையது. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கு முந்தினவர்கள் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பெனி கேட்டுக்குள் போனவர் நைனா. மணல் அச்சில் உருக்கிய இரும்பை ஊற்றி, ஆறியதும் அச்சை உடைத்து மணலைத் தட்டி உதிர்க்கும் வேலை. சாயந்திரம் வந்து வண்டியை நிறுத்தும்போது புருவத்தில்கூட மணல் ஒட்டியிருக்கும். எட்டாவதோடு நின்றவர் என்பதால் வரிக்கு அடியில் விரலை வைத்து நகர்த்தித்தான் படிப்பார். நான் தடதடவென்று ஓடுவேன், அவர் விரல் தட்டுத்தடுமாறிப் பின்னால் வரும்.

இப்படிப் படித்ததில் ஒரு ஆபத்து உண்டு என்பது இடைத்தேர்வில் தெரிந்தது. இருவிதையிலை வேர், இருவிதையிலைத் தண்டு, ஒருவிதையிலை வேர், ஒருவிதையிலைத் தண்டு என்று நான்கு பதில்கள். எல்லாவற்றிலும் புறணி வரும், அகத்தோல் வரும், பாதி வாக்கியங்கள் அண்ணன் தம்பிகளைப் போல இருக்கும். நான் இருவிதையிலை வேரில் ஆரம்பித்து, பாதியில் எனக்கே தெரியாமல் தடம் மாறி, ஒருவிதையிலைத் தண்டில் போய் முடித்துவிட்டேன். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. பதில்தான் தப்பு.

டீச்சர் என் விடைத்தாளை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார்.

"வேர்ல ஏறி தண்டுல எறங்கிக்கினு வந்துக்கிற. இது எந்த ரூட்டு பஸ்ஸும்மா?"

வகுப்பு சிரித்து ஓய்ந்த பிறகு சிரிப்பில்லாமல் ஒன்று சொன்னார். அரையாண்டிலும் பெயிலானால் அப்பாவைக் கூட்டிவந்து டிசி வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டை என்னை மாதிரி ஒருத்திக்காகக் கெடுத்துக்கொள்ளப் பள்ளிக்கூடம் தயாராக இல்லை.

வீட்டில் அம்மா இதைக் கேட்டுப் பதறவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பெரியபாளையம் கோயில் பக்கத்தில் அம்மாவின் தம்பி மாலைக் கடை வைத்திருந்தார். "டிசி குட்த்தா வாங்கிக்கினு வா. மாமா கடையில ஆள் இல்லாம பேஜாரா கீதாம். பூ கட்டிக்கினு இரு" என்றாள். மாமாவுக்கு ஒரு மகனும் உண்டு. அதை அம்மா சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அன்றிலிருந்து அரையாண்டு வரைக்கும் வீட்டில் டிவி இல்லை, பேச்சில்லை, என் குரல் மட்டும்தான். தெருக்குழாய்க்குப் போகிற பெண்களுக்கெல்லாம் மனித இதயத்தின் அறைகள் மனப்பாடமாகியிருக்கும். நைனா வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு உட்காருவார். முதலில் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டுவார். தூசியைத் தொண்டையில் தங்கவிடாது என்று கம்பெனியில் ஷிஃப்ட் முடிவில் ஆளுக்கொரு துண்டு வெல்லம் தருவார்கள். அவர் பங்கைத் தின்னாமல் கொண்டுவந்துவிடுவார். "தின்னு, ஞாபகம் நிக்கும்" என்பார். நானும் சப்புக்கொட்டித் தின்றுவிட்டு ஒப்பிக்க ஆரம்பிப்பேன்.

பரீட்சை நெருங்க நெருங்க எனக்கு நைனாவின் இருமல் எதிரியாகிப் போனது. பீடி சிகரெட் தொடாத மனிதருக்கு அப்படியொரு வறட்டு இருமல். சரியாக நான் பதிலின் நடுவில் நிற்கும்போது வரும். நூல் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. ஒருநாள் அழுகையும் ஆத்திரமுமாகக் கத்திவிட்டேன்.

"இருமாத நைனா! நீ இருமினா எல்லாமே மறந்துபூடுது!"

அதற்குப் பிறகு இருமல் வந்தால் புத்தகத்தை நாற்காலியில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய்விடுவார். குழாயைத் திறந்துவிட்டு இருமுவார். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொள்வார்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சுவாசம் பாடத்துக்கு வந்தோம். கடைசியில் தொழில் சார்ந்த நுரையீரல் நோய்கள் என்று ஒரு பகுதி. கேட்டாலும் மூன்று மார்க்குத்தான் கேட்பார்கள். கல் உடைக்கிற இடம், மணல் புழங்குகிற ஆலை, அங்கே நெடுநாள் வேலை செய்பவர்கள், சிலிக்கா துகள், நுரையீரல் அழற்சி, சிலிக்கோசிஸ். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினேன். விரல் வரவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றார் நைனா.

"தப்பு இல்லியே நைனா?"

"தப்பு இல்ல. சொல்லு."

சொன்னேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். இன்னும் ரத்த ஓட்டத்தை முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது, இவர் மூன்று மார்க்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாரே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"புக்கு பாஷ வேணாம். எனக்கு வெளங்கற மாரி சொல்லு."

இதைவிட நேர விரயம் உண்டா? சீக்கிரம் விட்டால் போதும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். "மாவு சலிக்கிற சல்லடை கீது இல்ல நைனா, அதுல மாவு அடைச்சிக்கினா இன்னா ஆவும்? அத்தே மாரிதான். நைஸ் மணலு மூச்சுல உள்ள பூடும். வெளிய வராது. உள்ள புண்ணாயி, அப்பால கையில காய்ப்பு காய்க்கிற மாரி கெட்டியாப் பூடும். காத்து போவ எடம் இருக்காது."

"அப்பால?"

"அப்பால இன்னா? அவ்ளோதான், மூணு மார்க்கு. அடுத்த கேள்விய எடு."

எடுத்தார். ஆனால் அன்றைக்கு மீதிப் பாடத்தில் நான் எங்கே தப்பினேன், எங்கே சரியாகச் சொன்னேன் என்று அவர் ஒன்றுமே சொல்லவில்லை. நான் நன்றாகப் படித்துவிட்டேன் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

பரீட்சை ஹாலில் வினாத்தாளைப் பிரித்தேன். படித்ததில் பாதி வரவில்லை. வந்ததில் சிலது மறுபடி தடம் மாறியது. பெரியபாளையம் கண்ணெதிரே வந்து நின்றது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் சிலிக்கோசிஸ். அதற்கு மட்டும் நான் ஒப்பிக்கவே இல்லை. நைனாவுக்குச் சொன்னதை அப்படியே நல்ல தமிழில் எழுதினேன், சல்லடை உட்பட.

விடைத்தாள் கொடுத்த அன்று டீச்சர் என் பெயரைக் கடைசியில் கூப்பிட்டார். பாஸ். எல்லைக் கோட்டில் ஒரு காலை வைத்த பாஸ்தான். அந்த மூன்று மார்க் இல்லையென்றால் மாலை கட்டப் போயிருப்பேன். "இதை மட்டும் புரிஞ்சி எழுதிக்கிற. யாரு சொல்லிக் குட்த்தாங்க?" என்று டீச்சர் கேட்டார். நானேதான் மேடம் என்று பெருமையாகச் சொன்னேன். பொய்யில்லையே.

வீட்டுக்கு ஓடிவந்து கத்தினேன். அம்மா "அப்ப மாமாவுக்கு வேற ஆள் பாக்கச் சொல்லணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். நைனா அப்போதுதான் வந்திருந்தார். முகம்கூடக் கழுவாமல் விடைத்தாளை வாங்கி, மொத்த மார்க்கைப் பார்க்காமல் பக்கங்களைப் புரட்டினார். அந்தப் பதிலில் நின்று, வரிக்கு அடியில் விரலை வைத்து மெதுவாகக் கடைசிவரை படித்தார்.

"மருந்து இன்னான்னு எழுதலியே?"

"அத்த கேக்கல நைனா. நோய் எப்பிடி வருதுன்னுதான் கேட்டாங்க."

"புக்குல கீதா?"

"இல்ல. வராம தடுக்கறதுதான் கீது. மாஸ்க் போடணும்னு."

"நல்லா பாத்தியா நீ?"

"ஒரு வரி உடாம படிச்சிக்கிறேன் நைனா. அதுல மருந்து இல்ல."

அவர் தலையை ஆட்டினார். விரல் அந்த வரியிலேயே இருந்தது. எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரை முதலில் உச்சரித்தவள் நான்தான். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அதைச் சொன்னது சில வருஷங்கள் கழித்து. ஆனால் அன்று எனக்கு இருந்த கவலையெல்லாம் வேறு. பாஸாகியும் இவர் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று யோசித்து, மருந்தை எழுதாமல் விட்டதற்கு டீச்சர் மார்க்கைத் திரும்பப் பிடித்துக்கொள்வார் என்று பயப்படுகிறார் என முடிவுக்கு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குத் தைரியம் சொன்னேன்.

"பயப்படாத நைனா, அதுக்கெல்லாம் கொறைக்க மாட்டாங்க. மூணுக்கு மூணு குட்த்துட்டாங்க, பாரு."