ஒரு இழுவை பாக்கி

பக்கத்தில் இருந்து யார் கூப்பிட்டாலும் என் அண்ணன் கண்ணை மட்டும் திருப்பிப் பார்க்க மாட்டார். கழுத்தோடு சேர்த்து முழுத் தலையையும் திருப்புவார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான். டீ டம்ளரை ஓரமாக நீட்டினால் கை வராது. முகத்துக்கு நேரே கொண்டுபோக வேண்டும். "துரைக்கு மூக்குக்கு முன்னாடி வந்து நின்னாத்தான் டீன்னு தெரியும்" என்று அண்ணி முணுமுணுப்பார். சாப்பிடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிரில் போய் உட்கார்ந்துகொள்வார். முகம் பார்த்துப் பேசத் தெரிந்த பிள்ளை என்று அம்மா அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணனுடைய நெருங்கிய சினேகிதர் ஒரு வெல்டர். அவர்தான் அண்ணனுக்கு 'ஆந்தை' என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் இந்த ஆந்தை பொழுது சாய்ந்தால் வண்டியைத் தொடாது. "ராத்திரியில அடையற ஆந்தையை எங்கயாவது பாத்திருக்கீங்களா? எங்ககிட்ட ஒண்ணு இருக்கு" என்று வெல்டர் புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்லுவார். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அண்ணன் இருசக்கர வண்டி மெக்கானிக். தனிக்கடை. எல்லா ஸ்பேனர்களையும் தான் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே உள்ள சுவரில் மட்டும் ஆணியடித்து மாட்டியிருப்பார். பக்கச் சுவர்கள் வெறுமையாக இருக்கும். நான் பட்டம் வாங்கியது அந்தக் கடையின் கிரீஸில்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் போன முதல் ஆள் நான். இப்போது படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கிடங்கு அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தி வெகுகாலமாயிற்று. "பட்டதாரி" என்றுதான் கூப்பிடுவார். அதில் எத்தனை பங்கு பெருமை, எத்தனை பங்கு கேலி என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

விடுமுறை நாளில் அண்ணன், வெல்டர், இன்னும் இரண்டு பேர் கல்குவாரிக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்கு வண்டி ஓட்டப் போவார்கள். சாலையே கிடையாது. சரளை, வேர், வறண்ட ஓடை. பழைய வண்டிகளை வாங்கி, உயர்த்தி, முரட்டு டயர் போட்டு, எதற்கும் துணிந்த மாதிரி ஓட்டுவார்கள். அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. வழியில் வண்டி நின்றுபோனால் இன்னொருவர் கயிறு கட்டி இழுத்து வர வேண்டும். அப்படி இழுத்து வரப்பட்டவர், இழுத்தவருக்கு ஒரு இழுவை பாக்கி. காசாகவோ சாப்பாடாகவோ அதைத் தீர்க்க முடியாது. இழுத்துத்தான் தீர்க்க வேண்டும். ஒரு முறை அண்ணனின் செயின் அறுந்து, வெல்டர் அவரை மேட்டிலிருந்து கடைவாசல் வரை இழுத்து வந்தார். அதற்காகவே இரண்டு முனையிலும் இரும்பு வளையம் வைத்த ஒரு கயிற்றையும் அண்ணனுக்குச் செய்து கொடுத்தார். "பத்திரமா வச்சுக்கோ ஆந்தை. என் வண்டி நிக்கிற அன்னைக்கு இதோட வந்து நிக்கணும்."

அந்த நாள் வந்தது. ஓடை வளைவில் வெல்டரின் வண்டி சறுக்கிப் பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தது. கால் வண்டிக்கு அடியில். பின்னால் வந்தவர் அண்ணன். வெல்டர் கையை ஆட்டினார், கத்தினார். அண்ணன் அவரைத் தாண்டிப் போய்விட்டார். மேட்டின் அந்தப் பக்கத்தில் போய், எங்கே ஆளைக் காணோம் என்று எல்லோருக்காகவும் காத்துக்கொண்டிருந்தார். மற்ற இருவரும்தான் வெல்டரைத் தூக்கினார்கள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாக. இப்போதும் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார்.

"எட்டிப் பிடிக்கிற தூரத்துலதான் கிடந்தேன். பாத்துட்டேதான் போனான்" என்றார் வெல்டர். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொன்னார், அதுதான் தைத்தது. "இழுவை குடுக்கப் பயந்து ஓடிட்டான்."

அண்ணன் நான்கு முறை வெல்டரின் பட்டறைக்குப் போனார். நான்கு முறையும் வெல்டர் முகக்கவசத்தைக் கீழே இறக்கிக்கொண்டு தீப்பொறி பறக்க வேலையைத் தொடங்கிவிட்டார்.

ஒருநாள் அண்ணன் என்னிடம் வந்து, "பட்டதாரி, ஹெல்மெட்டுல மாட்டற கேமரா ஒண்ணு பாத்துச் சொல்லு" என்றார்.

"எதுக்குண்ணே? படம் புடிச்சுப் போடப் போறீங்களா?"

"நான் எதைப் பாத்தேன், எதைப் பாக்கலன்னு இனிமே எவனும் சொல்ல வேணாம். மண்டையிலயே ஒரு கண்ணை மாட்டிக்கிட்டா அது சொல்லட்டும். அதே ஓடைல ஓட்டி, அந்த வளைவுல என்ன தெரியுது, என்ன தெரியலன்னு படத்தைக் கொண்டுபோய் அவன் முன்னாடி வைக்கிறேன்."

எனக்கு உற்சாகம். ஆங்கிலத்தில் படித்து அவருக்கு உதவக்கூடிய ஒரு வேலை கடைசியில் கிடைத்துவிட்டதே. பக்கம் பக்கமாகப் படித்தேன். ஹெல்மெட்டின் உச்சியில் மாட்டினால் கிளை தட்டும். பக்கவாட்டில் மாட்டினால் கழுத்தில் பாரம். முகவாய்ப் பட்டைதான் நல்லது. ஓட்டுகிறவர் கண் போகிற இடத்துக்கே கேமராவும் போகும். குலுக்கலைச் சமன் செய்ய வேண்டும், தூசி உள்ளே போகக்கூடாது, கையுறையோடு அமுக்குகிற மாதிரி பொத்தான் பெரிதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அண்ணன் கேட்டுக்கொண்டார். ஆனால் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டார்.

"ஓரத்துல எவ்வளவு தெரியும்?"

"அகலமா வேணுமாண்ணே, குறுகலா வேணுமா?"

"நான் பாக்கற அளவுக்கு வேணும். கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

விசேஷ வீடுகளில் படம் பிடிக்கிற ஒரு வீடியோக்காரர் எங்களுக்குப் பழக்கம். அவரிடம் இரண்டு கேமரா இருந்தன. ஒன்று பழசு, குறுகலாகக் காட்டும். இன்னொன்று புதுசு, அகலமானது. இரண்டையும் ஒரு நாளைக்குக் கொடுத்தார். "தலைவரே, கீழ விழுந்தாலும் கேமராவைப் புடிச்சுக்கிட்டு விழுங்க" என்றார். ஒட்டுப்பட்டையை முந்தின நாளே ஹெல்மெட்டின் முகவாயில் ஒட்டிக் காயவிட்டோம்.

"ஓடை வளைவுல போய் நில்லு" என்றார் அண்ணன். "எந்தப் பக்கம்னு என்கிட்ட சொல்லாத. வண்டி வந்ததும் கையை ஆட்டு. படத்துல வரியான்னு பாக்கலாம்."

வெல்டர் விழுந்த பள்ளத்தின் விளிம்பில் நின்றேன். சிவப்புச் சட்டை. முதலில் பழைய கேமராவோடு வந்தார். இரண்டு கையையும் ஆட்டினேன். புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். புதுசை மாட்டிக்கொண்டு மறுபடி வந்தார். மறுபடி ஆட்டினேன். மறுபடி போய்விட்டார். நன்றாகத்தான் ஓட்டினார். அவ்வளவு அழகாக அந்த வளைவை வேறு யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "எங்கடா போயிட்ட? நிக்கச் சொன்னா நிக்க மாட்டியா?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "மேல பறந்துட்டேன்" என்று சொல்லிச் சிரித்தேன்.

வீடியோக்காரரின் கடையில் பெரிய திரையில் போட்டுப் பார்த்தோம். முதலில் பழைய கேமரா. சரளை, வேர், ஓடை, வளைவு. என்னைக் காணோம்.

"பாத்தியா? நீ அங்க இல்ல" என்றார் அண்ணன். குரலில் ஒரு நிம்மதி. "இதைத்தான் அவனுக்குக் காட்டணும்."

அடுத்து அகலக் கேமரா. அதே சரளை, அதே வேர். வளைவு வந்தது. திரையின் இடது ஓரத்தில் சிவப்புச் சட்டையோடு நான். தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கிப் பைத்தியக்காரன் மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தேன். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். சட்டையின் கிழிந்த பையும் தெரிந்தது.

அண்ணன் மெதுவாக முழுத் தலையையும் என் பக்கம் திருப்பினார்.

"மொதல் தடவை எங்க நின்ன?"

"அங்கயேதாண்ணே. ரெண்டு தடவையும் அங்கயேதான்."

மறுபடி தலையைத் திரைப் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார்: "இந்தக் கேமரா சரியில்ல. இல்லாததை எல்லாம் இழுத்துப் போட்டுக் காட்டுது. பழசுதான் கரெக்டு. நான் பாக்கறதை அப்படியே காட்டுது."

வீடியோக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார். "என்ன தலைவரே, மனுஷன் கண்ணு இதைவிட அகலமா பாக்குமே. புதுசே கம்மிதான்."

நான் என்ன நினைத்துச் செய்தேன் என்று தெரியாது. அண்ணனின் காதுப்பக்கத்தில் கையை நீட்டி, மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். அவர் திரும்பவில்லை. கன்னத்தைத் தாண்டினேன், திரும்பவில்லை. அநேகமாக மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் திடுக்கிட்டு, "என்னடா?" என்றார். எத்தனை டீ டம்ளர்கள் இப்படி அந்தரத்தில் காத்திருந்திருக்கின்றன! அண்ணி முணுமுணுத்ததும், அம்மா பெருமைப்பட்டதும், வெல்டர் பெயர் வைத்ததும் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான். அதை விஷயமென்று யாருமே பார்க்கவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். புள்ளியாக வெளிச்சம் தெரியும்போதெல்லாம் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். அண்ணன் பொத்தானைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "மெஷினை இன்னும் போடலையாம்மா?" என்று கேட்டார்.

"பாதிக்கு மேல முடிஞ்சிடுச்சு சார்" என்றார் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்.

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மூடுவதுமாக இருந்தார். பிறவியிலேயே கூட வருவது. ஓரத்திலிருந்து பார்வை குறுகி உள்ளே வந்துகொண்டே இருக்கும். நிறுத்துவதற்கு மருந்து இல்லை. வண்டியை விட்டுவிட வேண்டும். கடைசியாக, "கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றார். அண்ணன் முழுத் தலையையும் திருப்பி என்னைப் பார்த்தார். என் கண்ணைக் காட்ட நான் இன்னும் போகவில்லை.

திரும்பும்போது நான் ஓட்டினேன், அவர் பின்னால் உட்கார்ந்தார். எங்கள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒரு டீக்கடையில் நிறுத்தினேன்.

"வெல்டரண்ணன்கிட்ட சொல்லிடலாம்ணே. வேணும்னு போகல, தெரியல, அவ்வளவுதானே."

"சொன்னா அவன் நல்ல மனசோட நாலு பேர்கிட்ட சொல்லுவான். பாவம்டா ஆந்தைக்குக் கண்ணு தெரியலன்னு. அப்புறம் எவன் வண்டி விடுவான்? வேலை பாத்த வண்டியை ஓட்டிப் பாக்காம எப்படித் திருப்பிக் குடுக்கறது?" டம்ளரை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "கல்நெஞ்சக்காரன் கடைக்கு ஆள் வரும். குருடன் கடைக்கு வராது. நீ வாயைத் திறக்கக்கூடாது. திறந்தா எனக்குத் தம்பி இல்ல."

பழைய கேமராவையே விலைக்கு வாங்கினார். "நான் பாக்கறதை அதுவாவது கூடப் பாக்கட்டும்" என்றார். மேட்டில் ஓட்டும்போது மாட்டிக்கொள்ளத்தான் வாங்கினார். அதற்குப் பிறகு மேட்டுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை.

கடைக்கும் அதிக நாள் ஆயுள் இல்லை. ஒரு வாடிக்கையாளரின் வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனவர், இடப்பக்கம் நின்றிருந்த தள்ளுவண்டியில் போய் மோதினார். யாருக்கும் பெரிய அடியில்லை. ஆனால் காலையிலேயே குடித்துவிட்டு வேலை பார்க்கிறான் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. ஒரு சொட்டு தொடாத மனுஷன். அதையும் மறுக்கவில்லை. "குடிகாரன்னா திருந்திடுவான்னு நம்பி நாலு பேர் வருவான்" என்றார். வரவில்லை. அண்ணி ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார். போவதற்கு முன் டீயை மேசையின் நடுவில், எப்போதும் ஒரே இடத்தில், வைத்துவிட்டுப் போவார். இப்போதெல்லாம் முணுமுணுப்பதில்லை. அந்த முணுமுணுப்பு இல்லாத வீடுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடையைக் காலி செய்த அன்று அந்த இழுவைக் கயிறு வெளியே வந்தது. அண்ணன் வளையங்களைத் தடவிப் பார்த்தார். "அவன் பொருள். கொண்டுபோய்க் குடுத்துடு."

"இப்பதான் கடையே இல்லையேண்ணே. இப்பவாவது சொல்லலாமே."

"இப்ப சொன்னா பிச்சை கேக்கற மாதிரி இருக்கும். கயித்தை மட்டும் குடு, வா."

வெல்டர் பட்டறையில் ஒரு கேட்டுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகக்கவசத்தை இறக்கவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். கயிற்றை நீட்டினேன். வாங்கவில்லை.

"எங்க உங்கண்ணன்? குடிக்கிறானாமே. கடையை மூடிட்டானாமே."

தரையில் கிடந்த கம்பித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கோணல்காலை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். பட்டறை மூலையைக் காட்டினார். சாக்கு போர்த்திய அவருடைய வண்டி. அன்று விழுந்தபடியே, முன்சக்கரம் வளைந்து, துருப்பிடித்து நின்றது.

"நானும் எவ்வளவு நாள்தான் கோவமா இருக்கறது, சொல்லு. கை சும்மா இருந்தா அவனைத்தான் திட்டத் தோணுது, திட்டறதுக்கும் ஆள் பக்கத்துல இல்ல." கயிற்றை என் கையிலேயே திருப்பி வைத்து விரல்களை மூடினார். "இதைத் திருப்பி வாங்கிக்கிட்டா எங்க கணக்கு செத்துப்போன மாதிரி. வாங்க மாட்டேன். ஆந்தையை வண்டியோட வரச் சொல்லு. என் வண்டியைக் கட்டி அவன் பழைய கடைவாசல் வரைக்கும் இழுக்கட்டும். வேற ஒண்ணும் பேச வேணாம், மன்னிப்பு கின்னிப்பு எதுவும் வேணாம். ஒரு இழுவைதானே பாக்கி."

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டே மேசையின் நடுவில் கையை வைத்து டம்ளரைத் தேடி எடுத்தார். டீ ஆறிப்போயிருந்தது.

"நான் வரேன்னு சொன்னியா?"

"சொல்லிட்டேண்ணே. வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

தலையாட்டினார். கயிறு இப்போது எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. வெல்டர் இன்னும் அந்த வண்டியைப் பழுது பார்க்கவில்லை. இழுக்க ஆள் வருவான் என்று அப்படியே வைத்திருக்கிறாராம்.